ஆதி அணுவும் ஆதிகாரணரும்

ஆண்டுதோறும் பாஸ்கா திருவிழிப்பு இரவில், பாஸ்கா திரியின் ஒளியில் அமர்ந்து, உலகப் படைப்பின் வரலாற்றை முதல் வாசகமாகக் கேட்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஓர் இரவில் மறையுரை ஆற்றியபோது, நாம் ஒரு கருத்தை மிகுந்த உற்சாகத்தோடு எடுத்துரைத்தோம். ஒளி தோன்றுமாறு இறைவன் ஆணையிட்டதை இன்றைய அறிவியலே மெய்ப்பித்துவிட்டது. பெருவெடிப்புக் கோட்பாடு என்பது தொடக்க நூலின் முதல் அதிகாரத்திற்கு விஞ்ஞானிகள் இட்ட கையொப்பம். கடவுள் இல்லை என்பார் இனி வாய் திறக்க இயலாது என்றெல்லாம் முழங்கினோம். மக்களின் முகங்களில் மகிழ்ச்சி தெரிந்தது. நமக்கும் நிறைவாகவே இருந்தது.

திருப்பலி முடிந்து திருவுடைகளைக் களைந்து வெளியே வந்தபோது, கல்லூரியில் இயற்பியல் பயிலும் பங்கு இளைஞர் ஒருவர் காத்து நின்றார். "சாமி, ஒரு சந்தேகம். இந்தக் கோட்பாடு தவறு, பேரண்டத்துக்குத் தொடக்கமே இல்லை என்று நாளைக்கே விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டால், அடுத்த பாஸ்காவுக்கு நீங்கள் என்ன பிரசங்கம் செய்வீர்கள்?" என்று கேட்டார். அக்கேள்வியில் ஏளனம் இல்லை. கவலையே இருந்தது. தாம் பெற்றோரிடமிருந்து பெற்ற விசுவாசம், ஒவ்வோர் ஆண்டும் திருத்தி எழுதப்படும் பாடப்புத்தகத்தின் மீதா நிற்கிறது என்பதே அவருடைய உண்மையான கேள்வி. அன்றிரவு நாம் ஏதோ சொல்லிச் சமாளித்து அவரை அனுப்பினோம். உறக்கம் வரவில்லை.

அவருக்குத் தரவேண்டிய விடையைப் பின்னர் ஒரு குருவின் வாழ்க்கையிலேயே கண்டோம். நாம் பீடத்திலிருந்து பெருமையோடு பறைசாற்றிய அந்தக் கோட்பாட்டை முதன்முதலாக உலகிற்கு அளித்தவரே அவர். அதைக் கடவுளுக்குச் சான்றாகக் காட்டலாகாது என்று உறுதியாக நின்றவரும் அவரே.

இரு அழைத்தல்கள்

ஜார்ஜ் லெமேத்தர் 1894ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 17ஆம் நாள் பெல்ஜிய நாட்டின் சார்லெருவா நகரில் பிறந்தார். இயேசு சபையினரின் பள்ளியில் பயின்று, லூவேன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். 1914இல் முதல் உலகப்போர் மூண்டது. படையில் சேர்ந்து பீரங்கிப் பிரிவில் பணியாற்றிய அவர், வீரத்திற்கான பதக்கமும் பெற்றார். போர் முடிந்ததும் பொறியியலை விடுத்து, கணிதத்தையும் இயற்பியலையும் நாடினார். 1920இல் முனைவர் பட்டம் பெற்ற கையோடு குருமடம் புகுந்தார். 1923ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், கர்தினால் மெர்சியரின் கரங்களால் குருத்துவ அருட்பொழிவு பெற்றார்.

அறிவியலா, குருத்துவமா என்ற போராட்டம் அவர் உள்ளத்தில் இருந்ததாகத் தெரியவில்லை. உண்மையை அடைய இரு வழிகள் உண்டு, அவ்விரண்டிலும் நடக்கத் தாம் தீர்மானித்ததாக அவர் பின்னர் ஒரு செய்தியாளரிடம் கூறினார். கேம்பிரிட்ஜில் புகழ்பெற்ற வானியல் அறிஞர் எடிங்டனிடம் ஓராண்டு பயின்றார். பின்னர் அமெரிக்காவின் ஹார்வர்ட் வானாய்வகத்தில் பணி செய்தார். 1925இல் லூவேனுக்குத் திரும்பி ஆசிரியரானார். 'இயேசுவின் நண்பர்கள்' என்னும் குருக்கள் குழுவில் சேர்ந்து, எளிமை வாழ்வுக்குத் தம்மைக் கையளித்திருந்த அவர், ஆண்டுதோறும் நீண்ட தியானத்தையும் கைவிடவில்லை. கரும்பலகையில் சமன்பாடுகளை எழுதிய அதே கரம் நாள்தோறும் அப்பத்தை ஏந்தியது.

விரியும் பேரண்டம்

அக்காலத்தில் பேரண்டம் அசைவற்றது, என்றும் ஒரே அளவினது என்பதே அறிஞர் பெரும்பாலோரின் எண்ணம். 1917இல் ஐன்ஸ்டைன் தம் சார்பியல் கோட்பாட்டைப் பேரண்டம் முழுவதற்கும் பொருத்தியபோது, அது நிலையாக இருக்கும் பொருட்டுத் தம் சமன்பாட்டில் ஒரு புதிய உறுப்பையே சேர்த்தார். 1922இல் உருசிய நாட்டுக் கணித அறிஞர் பிரீட்மன், பேரண்டம் விரியவும் கூடும் என்று கணக்கிட்டுக் காட்டினார். அதனை அறியாமலேயே லெமேத்தர் 1927இல் அதே முடிவுக்கு வந்தார். அத்துடன் நில்லாமல், தொலைவிலுள்ள விண்மீன் திரள்கள் நம்மைவிட்டு விலகிச் செல்லும் வேகங்களை வானியலார் அளந்திருந்ததை எடுத்துக்கொண்டு, தொலைவு கூடக்கூட விலகும் வேகமும் கூடுகிறது என்று கணக்கிட்டார். விண்வெளியே விரிகிறது என்பதே அதன் பொருள்.

இக்கட்டுரை பிரெஞ்சு மொழியில், பெல்ஜியத்திற்கு வெளியே பலர் படிக்காத ஓர் ஆய்விதழில் வெளிவந்தது. அதே ஆண்டு பிரசெல்சு நகரில் ஐன்ஸ்டைனைச் சந்தித்தபோது, கணக்கு சரி, ஆனால் அதன் இயற்பியல் ஏற்கத்தகாதது என்று அவர் தள்ளிவிட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1929இல் அமெரிக்க வானியலார் ஹபிள் தம் அளவீடுகளை வெளியிட்டார். அவை லெமேத்தரின் முடிவையே தாங்கி நின்றன. எடிங்டன் தம் பழைய மாணவரின் கட்டுரையை உலகறியச் செய்தார். ஐன்ஸ்டைனும் நிலையான பேரண்டம் என்னும் எண்ணத்தைக் கைவிட்டார்.

பேரண்டம் இன்று விரிகிறது என்றால், நேற்று சிறியதாக இருந்திருக்கவேண்டும். பின்னோக்கிச் சென்றால் எங்கே போய் முடியும்? 1931ஆம் ஆண்டு மே மாதம் 'நேச்சர்' இதழில் வெளிவந்த சிறு கடிதமொன்றில், பேரண்டம் முழுவதும் ஒரே ஓர் ஆதி அணுவிலிருந்து பிரிந்து விரிந்திருக்கலாம் என்று லெமேத்தர் எழுதினார். இடமும் காலமும் அந்தப் பிரிவுக்குப் பிறகே பொருள் பெறுகின்றன என்றும் குறித்தார். பின்னாளில் 'பெருவெடிப்பு' என்று பெயர் பெற்ற கோட்பாட்டின் வித்து இதுவே.

அக்கடிதத்தின் தட்டச்சுப் படி இன்றும் உள்ளது. அதன் இறுதியில் ஒரு பத்தி கடவுளைப் பற்றிப் பேசுகிறது. அனைத்தையும் தாங்கி நிற்கும் கடவுளை நம்புவோர், அவர் தம் இயல்பிலேயே மறைந்திருப்பவர் என்றும் நம்புகின்றனர். இன்றைய இயற்பியல் படைப்பின் மேல் ஒரு திரையிடுவது கண்டு அவர்கள் மகிழலாம் என்பது அதன் கருத்து. அச்சுக்கு அனுப்புமுன் அப்பத்தியை லெமேத்தர் கோடிட்டு அடித்துவிட்டார். தாம் விசுவசித்ததை அவர் மறைக்கவில்லை. அது அந்த இதழில், அந்தக் கணக்கின் முடிவாக நிற்கவேண்டியதன்று என்று கருதினார் என்றே நாம் கொள்கிறோம். மேலும், அப்பத்தி கூறுவதையும் கவனிக்கவேண்டும். அறிவியல் திரையை விலக்கிக் கடவுளைக் காட்டிவிட்டது என்று அவர் எழுதவில்லை. அறிவியல் எவ்வளவு பின்னோக்கிச் சென்றாலும் திரை அங்கேயே இருக்கிறது என்றுதான் எழுதினார்.

திருத்தந்தையின் உரை

ஆதி அணுக் கோட்பாட்டை எதிர்த்தோருள் சிலர், இது ஒரு குரு தம் மறைக்கல்வியை இயற்பியலுக்குள் புகுத்திய முயற்சி என்று ஐயுற்றனர். படைப்பு பற்றிய சமயக் கருத்தை இது அளவுக்கு மேல் நினைவூட்டுகிறது என்று ஐன்ஸ்டைனே தயங்கியதை லெமேத்தர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். 1948இல் பிரெட் ஹாயிலும் வேறு இருவரும், பேரண்டத்துக்குத் தொடக்கமும் முடிவும் இல்லை என்னும் மாறா நிலைக் கோட்பாட்டை முன்வைத்தனர். 1949இல் வானொலி உரையொன்றில், எதிர்த்தரப்பின் கருத்துக்குப் 'பெருவெடிப்பு' என்ற பெயரைச் சூட்டியவரும் ஹாயிலே. எப்பக்கம் உண்மை என்று முடிவாகாத காலம் அது.

அந்நிலையில் 1951ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள், திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பிறை அறிவியல் கழகத்தாருக்கு ஓர் உரை நிகழ்த்தினார். ஒளி தோன்றப் பணித்த அந்த ஆதி வார்த்தைக்கு இன்றைய அறிவியல் சாட்சியம் பகர்வதுபோல் தோன்றுகிறது என்றும், படைப்பும் அதனால் படைத்தவரும் உண்மை என்றும் அவர் மகிழ்ந்துரைத்தார். இவை முழுமையான சான்றாகா என்னும் எச்சரிக்கையும் அவ்வுரையில் இருந்தது. ஆனால் இத்தகைய உரையின் எச்சரிக்கைகளை யார் நினைவில் வைப்பர்? விஞ்ஞானம் கடவுளைக் கண்டுவிட்டது என்பதே பலர் செவியில் விழுந்தது. இயற்பியல் அறிஞர் ஜார்ஜ் காமோவ், அடுத்த ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையொன்றில் திருத்தந்தையின் சொற்களைச் சற்றுக் குறும்புடன் மேற்கோள் காட்டினார்.

மகிழ்ந்திருக்கவேண்டிய லெமேத்தர் கலங்கினார். 1936 முதலே அக்கழகத்தின் உறுப்பினர் அவர். திருச்சபையின் தலைவரே தம் கோட்பாட்டைப் போற்றுகிறார் என்று பெருமை கொள்ளவில்லை. தென் ஆப்பிரிக்காவில் நடந்த அறிவியல் மாநாட்டிற்குச் செல்லும் வழியில் உரோமையில் தங்கி, வத்திக்கான் வானாய்வகத் தலைவர் அருள்தந்தை டேனியல் ஓகானலோடும் திருப்பீட அதிகாரிகளோடும் இதுபற்றிப் பேசினார் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். 1952ஆம் ஆண்டு செப்டம்பரில் உலக வானியலார் உரோமையில் கூடியபோது திருத்தந்தை மீண்டும் உரையாற்றினார். அவ்வுரையில் வானியலின் பெருமையைப் போற்றினாரேயன்றி, பேரண்டத் தொடக்கத்தைப் படைப்புக்குச் சான்றாக நிறுத்தவில்லை.

அதே உரோமை மாநாட்டில் நிகழ்ந்த மற்றொன்று நம் சிந்தனைக்குரியது. வால்ட்டர் பாடே என்ற வானியல் அறிஞர், விண்மீன் திரள்களின் தொலைவுகள் அதுவரை எண்ணியதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு என்று அறிவித்தார். அதனால் பேரண்டத்தின் கணக்கிட்ட வயதும் இருமடங்காயிற்று. அதற்கு முந்தைய கணக்கின்படி பேரண்டத்தின் வயது சுமார் 200 கோடி ஆண்டுகளே. பூமியின் வயதைவிட அது குறைவு! இன்றோ ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள் என்கின்றனர். எண்கள் மாறுவது அறிவியலுக்கு இழுக்கன்று, அதன் நேர்மையே அதுதான். ஆனால் மாறும் எண்ணின் மேல் மாறாத விசுவாசத்தைக் கட்டுவோமானால், இழுக்கு நமக்கே.

தோமையார் தந்த எச்சரிக்கை

லெமேத்தரின் கலக்கம் விஞ்ஞானியின் கூச்சம் மட்டும் என்று எண்ணிவிடலாகாது. அதற்கு ஆழ்ந்த இறையியல் வேர் உண்டு. குருமடத்தில் நாம் பயின்ற ஒரு பாடம், பின்னர் மறந்துபோன பாடம், அது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாரிசுப் பல்கலைக்கழகத்தில் பெரும் வழக்கு ஒன்று எழுந்தது. உலகம் தொடக்கமற்றது என்று அரிஸ்டாட்டில் கற்பித்திருந்தார். அதை எதிர்த்த இறையியலார் பலர், உலகிற்குத் தொடக்கம் உண்டு என்பதைப் பகுத்தறிவாலேயே மெய்ப்பிக்கலாம் என்றனர். அக்குவினா நகர்ப் புனித தோமையார் இரு தரப்பாரையும் மறுத்தார். உலகிற்குத் தொடக்கம் உண்டு என்பதை நாம் விசுவாசத்தால் ஏற்கிறோம். அதைப் பகுத்தறிவால் மெய்ப்பிக்கவும் இயலாது, பொய்ப்பிக்கவும் இயலாது என்றார். வலுவற்ற சான்றுகளை முன்வைத்தால், இவற்றை நம்பித்தான் கிறிஸ்தவர்கள் விசுவசிக்கிறார்கள் என்று பிறர் நகைக்க நாமே இடம் தருவோம் என்றும் எச்சரித்தார். எழுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அந்த எச்சரிக்கை, நம் பாஸ்கா மறையுரைக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது.

தோமையார் காட்டும் வேறுபாடு இதுதான். தொடங்குதல் வேறு, படைக்கப்படுதல் வேறு. தச்சர் ஒரு நாற்காலியைச் செய்து முடித்துவிட்டு ஊருக்குப் போய்விடலாம். நாற்காலி நிற்கும். கடவுள் அப்படிப்பட்ட தச்சர் அல்லர். நாகசுரக் கலைஞர் ஊதும்வரைதான் நாதம் உண்டு. அவர் நிறுத்திய கணமே நாதம் இல்லை. உலகம் இறைவனைச் சார்ந்திருப்பது இவ்வாறே. முதல் கணத்தில் எவ்வளவு சார்ந்திருந்ததோ, அவ்வளவே இந்தக் கணத்திலும் சார்ந்திருக்கிறது. புனித அகுஸ்தீனார் பிளாட்டோவின் வழிவந்தோரிடமிருந்து ஓர் உவமையை எடுத்துரைக்கிறார். ஒரு பாதம் தொடக்கமின்றி என்றென்றும் மண்ணில் பதிந்திருந்தது என்று வைத்துக்கொள்வோம். அதன் அடியில் சுவடும் என்றென்றும் இருந்திருக்கும். ஆயினும் அந்தச் சுவடு பாதத்தால் ஆனது என்பதை யார் மறுப்பார்? தோமையாரும் இவ்வுவமையைக் கையாண்டு, தொடக்கமில்லாத ஓர் உலகம் இருந்திருந்தாலும் அதுவும் படைக்கப்பட்ட உலகமே என்று நிறுவுகிறார்.

இதை உணர்ந்தால், இளைஞரின் கேள்வியிலிருந்த அச்சம் நீங்கும். இருப்பவை எல்லாம் ஏன் இருக்கின்றன, ஒன்றும் இல்லாமற் போகாமல் ஏன் நிலைக்கின்றன என்ற கேள்விக்கு விடையாகவே நாம் படைத்தவரை அறிக்கையிடுகிறோம். முதல் வினாடியில் என்ன நடந்தது என்ற கேள்வியோ தொலைநோக்கிக்கும் கணிதத்திற்கும் உரியது. பின்னதற்கு எவ்விடை வந்தாலும் முன்னது அழியாது.

சுவரும் அன்று, கலப்படமும் அன்று

அப்படியானால், அறிவியலும் விசுவாசமும் ஒன்றையொன்று காணாத இரு அறைகளோ என்று வாசகர் கேட்கலாம். அல்ல. படைப்புகளைக் கொண்டு படைத்தவரைப் பகுத்தறிவின் ஒளியால் அறியக்கூடும் என்று 1870இல் முதலாம் வத்திக்கான் சங்கம் கற்பித்தது. அது நம் திருச்சபையின் விசுவாசம். ஆனால் அந்த அறிவு, உலகின் இருப்பையும் ஒழுங்கையும் ஆழ்ந்து சிந்திக்கும் மெய்யறிவின் வழியாக வருவது. இந்த ஆண்டின் அளவீட்டிலிருந்து அடுத்த ஆண்டின் அளவீட்டுக்குத் தாவுவது அன்று.

லெமேத்தர் இரு தரப்பாருக்கும் இடம் தரவில்லை. திருவிவிலியத்தை அறிவியல் பாடநூலாகக் கொண்டு விஞ்ஞானத்தை மறுப்போரையும் அவர் ஏற்கவில்லை. மீட்பின் வழியைக் கற்பிக்கவே அது அருளப்பட்டது என்றார். தம் கோட்பாட்டைக் கொண்டு கடவுளை மெய்ப்பிக்க முயல்வோரையும் ஏற்கவில்லை. 1958இல் நடந்த அறிஞர் கூட்டத்தில், தம் கோட்பாடு சமயக் கேள்விகளுக்கு முற்றிலும் வெளியே நிற்கிறது, பொருள்முதல்வாதி கடவுளை மறுக்கவும் அது தடையன்று என்றே கூறினார். அதே மூச்சில், விசுவாசிக்கு அது எசாயா இறைவாக்கினர் உரைத்த மறைந்திருக்கும் கடவுளோடு இசைந்தது என்றும் கூறினார். விசுவசிக்கும் ஆய்வாளருக்கு ஒரு நன்மை உண்டு. உலகம் என்னும் புதிருக்கு விடை உண்டு என்ற உறுதியோடு அவர் உழைக்கிறார் என்பது அவருடைய எண்ணம்.

பிற்கால நிகழ்ச்சிகள் அவருடைய நிதானத்தை மெய்ப்பித்தன. 1981இல் வத்திக்கானில் நடந்த கருத்தரங்கொன்றில், பேரண்டத்திற்கு எல்லையோ தொடக்க விளிம்போ இல்லாதிருக்கலாம் என்ற கருத்தை ஸ்டீபன் ஹாக்கிங் முன்வைத்தார். 1988இல் வெளிவந்த தம் புகழ்பெற்ற நூலில், அப்படியானால் படைத்தவருக்கு என்ன வேலை என்றும் வினவினார். தொடக்கத்தில் மட்டும் கடவுளை வைத்திருந்தவர்களுக்கு அது இடியாக விழுந்தது. தோமையாரிடம் பாடம் கேட்டவர்களுக்கு அதில் நடுங்க ஒன்றுமில்லை. அதே 1988இல் புனித இரண்டாம் யோவான் பவுல், வத்திக்கான் வானாய்வகத் தலைவர் ஜார்ஜ் காயினுக்கு எழுதிய மடலில், பெருவெடிப்பு போன்ற புதிய கோட்பாடுகளை விசுவாசத்திற்கு ஆதரவாக அவசரப்பட்டுப் பயன்படுத்தலாகாது என்று இறையியலாரை எச்சரித்தார். லெமேத்தர் அமைதியாகக் கூறியதைத் திருச்சபை வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டது.

நோயுற்ற குருவுக்கு வந்த செய்தி

1965இல் அமெரிக்க அறிஞர்கள் பென்சியாசும் வில்சனும், விண்ணின் எல்லாத் திசைகளிலிருந்தும் ஒரே சீராக வரும் மெல்லிய நுண்ணலைக் கதிர்வீச்சைக் கண்டறிந்ததை வெளியிட்டனர். பேரண்டத்தின் வெப்பம் மிகுந்த இளமையின் எச்சம் அது. மாறா நிலைக் கோட்பாடு அத்துடன் செல்வாக்கிழந்தது. 1966ஆம் ஆண்டு சூன் மாதம், நோயுற்றிருந்த லெமேத்தருக்கு அவருடைய உதவியாளராக இருந்த ஒருவர் இச்செய்தியைக் கொண்டு சென்றார். அம்மாதம் 20ஆம் நாள் லெமேத்தர் இறைவனில் துயில்கொண்டார். 2018இல் உலக வானியலார் சங்கத்தினர், பேரண்ட விரிவின் விதிக்கு ஹபிளின் பெயரோடு அவர் பெயரையும் சேர்த்து வழங்க வாக்களித்துப் பரிந்துரைத்தனர்.

தம் கோட்பாடு வென்ற செய்தி கிடைத்தபோது அவர் மகிழ்ந்தார் என்பர். அது தோற்றிருந்தால்? அவருடைய கணக்குகள் தோற்றிருக்கும். காலையில் ஒப்புக்கொடுத்த திருப்பலி தோற்றிருக்காது. இவ்விடுதலையே அவர் நமக்கு விட்டுச்சென்ற செல்வம். உண்மைக்கு அஞ்சாத விசுவாசமே உண்மையை நேர்மையாகத் தேடவும் துணியும்.

அடுத்த பாஸ்கா இரவில் நாம் பெருவெடிப்பைப் பற்றிப் பேசவில்லை. கையிலிருந்த திரியை உயர்த்திக் காட்டி, "இந்தச் சுடர் ஏற்றிய நேரத்தில் மட்டுமா ஏற்றியவரின் கை தேவைப்பட்டது? உங்களையும் என்னையும் இந்த நொடியில் தாங்கி நிற்கும் கை ஒன்று உண்டு. அதைத்தான் படைப்பு என்கிறோம்" என்று கூறினோம். சென்ற ஆண்டு தவறாகக் கூறியதையும் ஒப்புக்கொண்டோம். பலருக்கு அது வியப்பாக இருந்திருக்கலாம். இளைஞர் பின்வரிசையில் நின்றிருந்தார். திருப்பலிக்குப் பின் அருகில் வந்து, "சாமி, இதை நண்பர்களிடம் சொல்லலாம்" என்றார்.

நம் இல்லங்களில் இன்று அறிவியல் பயிலும் பிள்ளைகள் உள்ளனர். அவர்கள் கேள்வி கேட்கும்போது, கடவுளைக் காப்பாற்றும் அவசரத்தில் அரைகுறைச் சான்றுகளை அவர்கள் கையில் திணிக்காதிருப்போம். அறிவியலின் இடைவெளிகளில் நாம் ஒளித்து வைத்துக் காக்கவேண்டிய அளவுக்கு நம் கடவுள் சிறியவர் அல்லர். அவர்கள் ஆய்வுக்கூடத்தில் காணும் ஒவ்வோர் உண்மையும் அவருடையதே என்று சொல்லி, அச்சமின்றிக் கற்க அவர்களை அனுப்புவோம்.